மயக்க ஊசி இரண்டாவது கேள்விதான், டீச்சர்

முதலில் கடிதத்தின் சுருக்கம். எழுதியவர் தென்மாவட்டம் ஒன்றில் பள்ளி ஆசிரியை, வயது 43. அவருடைய அப்பாவுக்கு 51 வயதில் பெருங்குடல் புற்றுநோய் தெரியவந்து, ஆபரேஷன், கீமோ எல்லாம் செய்தும் மூன்று வருடத்துக்குள் இறந்துவிட்டார். குடும்ப டாக்டர் இவரைக் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ளச் சொல்லி ஒரு வருடம் ஆகிறது, இன்னும் போகவில்லை. காரணம் 47 வயது அண்ணன். அவருக்கு மயக்கம் எதுவும் கொடுக்காமல் ஆரம்பித்திருக்கிறார்கள், வலி தாங்காமல் அவர் கத்தவும் பாதியிலேயே குழாயை வெளியே எடுத்துவிட்டு, 'பார்த்த வரைக்கும் ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே எல்லாருக்கும் நடுக்கம். இவருக்குச் சர்க்கரை உண்டு, எடை 82 கிலோ, நல்ல குறட்டை, இரண்டு பிரசவமும் சிசேரியன். 'முழு மயக்கமா, அரை மயக்கமா, எதுவுமே இல்லாமலா? முழு மயக்கத்தில் எழுந்திருக்காமலே போய்விட்டால்? மலப் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்து இதைத் தவிர்க்க முடியாதா? ஆண் டாக்டர் என்றால் சங்கடமாக இருக்கிறதே?' இவைதான் கேள்விகள்.

டீச்சர், உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி மயக்க மருந்து பற்றித்தான். அதற்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட அவைதான் பெரிதாகத் தெரிகின்றன. ஒன்று: 'எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, மூலம் மட்டும் இருக்கிறது, அதில் எப்போதாவது ரத்தம் படும்.' இன்னொன்று: 'அத்தைக்கும் 48 வயதில் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்தது, அது வேறு விஷயம்.'

இரண்டுமே அப்படி விட்டுவிடக் கூடியவை அல்ல.

அந்த ரத்தம் மூலம்தான் என்று யார் சொன்னது?

நாட்டு மருந்துக் கடையில் லேகியம் வாங்கிச் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், யாரும் பரிசோதித்துப் பார்த்ததாக எழுதவில்லை. நம் ஊரில் மலத்தோடு ரத்தம் என்றால் அது மூலம்தான், உஷ்ணம்தான், கோழிக்கறி சாப்பிட்டதுதான். பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையிலேயே மூலமாகத்தான் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இன்றிரவு தூங்க மாட்டீர்கள். ஆனால் மூலத்தில் வரும் ரத்தத்தையும் மலக்குடலில் இருக்கும் கட்டியிலிருந்து வரும் ரத்தத்தையும் கண்ணால் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது, மூலம் இருப்பவருக்கு மேலே இன்னொன்றும் இருக்கலாம். அதனால் நீங்கள் 'எந்தத் தொந்தரவும் இல்லாதவர்' என்ற கணக்கில் வர மாட்டீர்கள். உங்களுக்குச் செய்யப்போவது வருமுன் பார்க்கும் பரிசோதனை மட்டுமல்ல, ரத்தத்துக்குக் காரணம் தேடும் பரிசோதனையும்கூட. இரும்பு மாத்திரை வேறு சாப்பிடுகிறீர்கள், மாதவிடாய்ப் போக்கு அதிகம் என்று கொடுத்திருப்பார்கள், இருக்கலாம். ரத்தம் படுவதையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

வயதுக் கணக்கிலும் ஒரு திருத்தம். '45 வயதுக்கு மேல்தானே செய்யச் சொல்கிறார்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 45 அமெரிக்காவின் எண், அங்கே 2021-ல்தான் 50-லிருந்து இறக்கினார்கள், அதுவும் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத, சாதாரண அபாயம் உள்ளவர்களுக்கு. இந்தியாவில் இந்த நோய் அந்த அளவுக்குப் பரவலாக இல்லை. அரசின் பரிசோதனைத் திட்டமும் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களைத்தான் தேடுகிறது, பெருங்குடல் அதில் கிடையாது. ஆகவே தெருவில் உள்ள எல்லாரும் 45-ல் கொலோனோஸ்கோபிக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது வந்திருந்தால் கணக்கே வேறு: 40 வயது, அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதில் 10 வருடம் கழித்தால் வரும் வயது, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது. அப்பாவுக்கு 51 என்றால் 41 வருகிறது, 40 அதற்கும் முன்னால். உங்களுக்கு ஏற்கெனவே மூன்று வருடம் தாண்டிவிட்டது. அண்ணனுக்கு ஏழு.

அண்ணன் ரிப்போர்ட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். வலது பக்க அடிவயிற்றில் சிறுகுடல் வந்து சேரும் இடம்வரை குழாய் போனால்தான் பரிசோதனை முழுமை, ரிப்போர்ட்டில் 'சீக்கம்' வரை போனதாக எழுதியிருக்க வேண்டும், அந்த இடத்தின் போட்டோவும் இருக்க வேண்டும். பாதியில் எடுத்தது முழுப் பரிசோதனைக் கணக்கில் சேராது. 'பார்த்த வரைக்கும் ஒன்றுமில்லை' என்பதில் பார்க்காத பகுதிக்கு ஒரு பதிலும் இல்லை, வீட்டில் எல்லாரும் அதை 'ஒன்றுமில்லை' என்று படித்துவிட்டீர்கள். அவருக்கும் மறுபடி செய்ய வேண்டும், இந்தத் தடவை மயக்கத்தோடு.

அத்தை விஷயம்

அத்தைக்கு வந்தது கர்ப்பப்பை வாயிலா, உட்சுவரிலா? நம் வீடுகளில் இரண்டையும் 'கர்ப்பப்பைப் புற்றுநோய்' என்று ஒரே பெயரில்தான் சொல்வார்கள். ஆனால் வாய்ப் பகுதியில் வருவது பெரும்பாலும் ஹெச்பிவி என்ற வைரஸால், உங்கள் குடல் கதையோடு அதற்குத் தொடர்பு இல்லை. உட்சுவரில் வந்திருந்தால், அதுவும் 48 வயதில், அவருடைய கூடப்பிறந்தவரான உங்கள் அப்பாவுக்கு 51-ல் பெருங்குடலில் என்றால், எங்களுக்கு உடனே 'லிஞ்ச் சிண்ட்ரோம்' என்ற பரம்பரைக் கோளாறு நினைவுக்கு வரும். செல் பிரியும்போது மரபணுவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் ஜீன்களில் ஒன்று பழுதாகிப் பிறப்பதுதான் அது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருப்பது உறுதியானால், அப்பாவுக்கு வந்ததை மட்டும் வைத்து உங்களுக்குச் சொல்லும் 5 வருடத்துக்கு ஒருமுறை என்பது போதாது, ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி செய்ய வேண்டியிருக்கும், கர்ப்பப்பையையும் கவனிக்க வேண்டும். இந்தக் கோளாறில் கட்டிகள் பெரும்பாலும் பெருங்குடலின் வலது பக்கத்தில் வரும். அண்ணனுக்குப் பார்க்காமல் விட்ட பக்கம் அதுதான், அதனால்தான் அவர் ரிப்போர்ட்டை அவ்வளவு இழுத்தேன்.

இது உங்களுக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, இருக்கிறதா என்று கேட்க வேண்டிய குடும்பம் என்றுதான் சொல்கிறேன். அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட், அத்தையின் ஆபரேஷன் ரிப்போர்ட் இரண்டையும் பரணிலிருந்து இறக்குங்கள். அப்பாவின் கட்டித் துண்டு ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் பேதாலஜி பிரிவில் மெழுகுக் கட்டியாக இன்னும் இருக்க வாய்ப்புண்டு. இருந்தால் அதிலேயே எம்எம்ஆர் பரிசோதனை (அந்தப் பிழை திருத்தும் ஜீன்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது) செய்து பார்த்துவிடலாம், உங்கள் ரத்தத்தில் தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மலப் பரிசோதனை, சிஇஏ, வாட்ஸ்அப்

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் ஃபிட் பரிசோதனை நல்ல பரிசோதனைதான். குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர், ரத்தப்போக்கு இல்லாதவர் வருடாவருடம் அதைச் செய்துகொண்டால் நான் முழு மனதோடு சரி என்பேன். சிங்கப்பூரில் 50 வயது தாண்டியவர்களுக்கு அந்தக் கிட்டைத்தான் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் உங்கள் நிலையில் அது பாசிட்டிவ் என்றாலும் கொலோனோஸ்கோபி, நெகட்டிவ் என்றாலும் கொலோனோஸ்கோபி. எதற்கு வீண் செலவு? மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்ததாகச் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். சிஇஏ புற்றுநோய் இருப்பது தெரிந்தவர்களைப் பின்தொடர்வதற்கான அளவு. ஆரம்பக் கட்டத்தில் அது நார்மலாகவே இருக்கலாம், பாலிப்பை (குடலின் உள்சுவரில் வளரும், பிற்பாடு புற்றாக மாறக்கூடிய சிறு சதை வளர்ச்சியை) காட்டவே காட்டாது. அதை ஹெல்த் செக்கப் பேக்கேஜில் சேர்த்து விற்பது எனக்குப் பிடிக்காத பழக்கங்களில் ஒன்று.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் செய்தி, 'கொலோனோஸ்கோபியால் பெரிய பயனில்லை என்று ஐரோப்பாவில் நிரூபித்துவிட்டார்கள்' என்பது. 2022-ல் வெளியான ஆய்வு அது. போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 55 முதல் 64 வயதுவரை உள்ள சுமார் 85,000 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு 'வந்து செய்துகொள்ளுங்கள்' என்று அழைப்பு அனுப்பினார்கள். அழைப்பு போனவர்களில் 42 சதவீதம் பேர்தான் வந்தார்கள். வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 10 வருடத்தில் நோய் 18 சதவீதம் குறைந்திருந்தது, எல்லாரும் வந்திருந்தால் ஏறத்தாழ 31 சதவீதம் குறைந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அழைப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டில் இருந்தவருக்குப் பயனில்லை என்பதில் என்ன ஆச்சரியம்? தவிர, அவர்கள் சாதாரண அபாயம் உள்ளவர்கள், உங்கள் நிலை வேறு. பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம்போல ஆகும், அந்த இடைவெளியில் அதைக் கண்டுபிடித்து எடுத்துவிடுவதுதான் இதன் முழுப் பயனும்.

சரி, மயக்கத்துக்கு வருவோம்

வலி எதனால் வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். குடலின் உள்சுவரில் வெட்டினால், கிள்ளினால் வலி தெரியாது, பாலிப்பை எடுப்பது உங்களுக்கு உணர்வே இருக்காது. குடலை இழுத்தால், ஊதினால்தான் வலிக்கும். இடுப்புப் பகுதியில் குடல் வளைந்து வளைந்து போகிறது, குழாய் அங்கே சுருண்டு குடலைத் தள்ளும்போது உயிர் போகிற மாதிரி இருக்கும், அண்ணன் கத்தியது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். காற்றுக்குப் பதில் தண்ணீர் செலுத்தி மெதுவாக ஏறினால், அல்லது சீக்கிரம் உறிஞ்சப்படும் கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்தினால் வேதனை நன்றாகவே குறைகிறது.

மயக்கமே இல்லாமல் செய்வதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நார்வே போன்ற நாடுகளில் நிறையப் பேர் அப்படித்தான் செய்துகொள்கிறார்கள். கூடத் துணைக்கு ஆள் வேண்டாம், முடித்துவிட்டுத் தானே ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகலாம், மானிட்டரில் தன் குடலைத் தானே பார்க்கலாம். நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் கூட்டம் காரணமாக அப்படித்தான் நடக்கிறது. ஆனால் 'வலித்தால் உடனே ஊசி போடுவோம்' என்ற ஏற்பாடு இருந்தால்தான் அது நியாயமான வழி. உங்களுக்கு இரண்டு சிசேரியன் ஆகியிருக்கிறது, உள்ளே ஒட்டுகள் இருந்து குடல் விறைத்திருக்கலாம், இவ்வளவு பயத்தோடும் போகிறீர்கள். இந்த வழி உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

அரை மயக்கம் என்பது மிடாசோலம், ஃபென்டனில் என்ற இரண்டு மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நரம்பில் ஏற்றுவது. கூப்பிட்டால் கண் திறப்பீர்கள், 'இடது பக்கம் திரும்புங்க' என்றால் திரும்புவீர்கள், ஆனால் நடந்ததில் பெரும்பகுதி பிறகு நினைவில் இருக்காது. 'பாதியில் விழித்துக்கொண்டால் ஆபத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். விழிப்பில் ஆபத்து இல்லை, விழித்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் ஏற்பாடே, வலி தெரிந்தால் கூட்டிக் கொடுப்பார்கள். இரண்டு மருந்துக்கும் மாற்று மருந்து உண்டு, மூச்சு மெதுவானால் அதைக் கொடுத்துத் திருப்பிவிடலாம். 'ஞாபகசக்தி போய்விடுமாமே' என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது: அந்த ஒரு மணி நேரம்தான் மறக்கும், வாய்ப்பாடு மறக்காது.

முழு மயக்கம் என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் புரோபோஃபால். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், ஏறும்போது கையில் சுருக்கென்று எரியும், மயக்க மருந்து நிபுணர் உங்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நிமிடத்துக்குள் தூங்கிவிடுவீர்கள், நிறுத்திய பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிந்துவிடும். பெரிய ஆபரேஷன் மாதிரித் தொண்டையில் குழாய் வைப்பது பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் இதற்கு மாற்று மருந்து கிடையாது. பிரஷர் இறங்கலாம், மூச்சு தடைபடலாம். 'மைக்கேல் ஜாக்சன் செத்தது இந்த மருந்தில்தானே' என்று உங்கள் பையன் கேட்டது சரிதான், 2009-ல் அதே மருந்துதான். ஆனால் அவருக்கு அதை வீட்டுப் படுக்கையறையில், தூக்கம் வருவதற்காக, சரியான கண்காணிப்பு எதுவும் இல்லாமல் கொடுத்தார்கள். எண்டோஸ்கோபி அறையில் தலைமாட்டில் ஒரு மயக்க மருந்து நிபுணர் உங்கள் மூச்சை மட்டும் பார்ப்பதற்கென்றே நிற்பார், ஆக்சிஜன், மானிட்டர், அவசரக் கருவிகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அந்த ஆள் இல்லாத இடத்தில் புரோபோஃபால் போட்டுக்கொள்ளாதீர்கள், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும்.

உங்களுக்கு எது என்பதைக் குறட்டைதான் தீர்மானிக்கும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, திணறி எழுகிறீர்களா, பகலில் வகுப்பிலேயே கண் சொருகுகிறதா? வீட்டுக்காரரிடம் கேளுங்கள், உங்களுக்குத் தெரியாது. ஆம் என்றால் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கலாம், அப்போது எந்த மயக்கமானாலும் மயக்க மருந்து நிபுணர் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும், எல்லா வசதியும் உள்ள மருத்துவமனையிலேயே செய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் நான் உங்களுக்கு அரை மயக்கத்தையே முதலில் சொல்வேன். ஆனால் 'தூங்கவைத்தால்தான் போவேன், இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடுவேன்' என்பது உங்கள் மனநிலை என்றால் புரோபோஃபாலோடு போங்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆழ்ந்து தூங்கினால் பாலிப் அதிகம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள், அது டாக்டரின் கையையும் பொறுமையையும் குடல் சுத்தத்தையும் பொறுத்தது. குழாயை வெளியே இழுத்துக்கொண்டே வரும்போதுதான் உண்மையில் தேடுவார்கள், அதற்குக் குறைந்தது 6 நிமிடமாவது எடுக்க வேண்டும்.

அபாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நோய்க்குறி இல்லாதவர்களுக்குச் செய்யும்போது குடலில் துளை விழுவது பத்தாயிரத்தில் சுமார் 3 பேருக்கு, கவனிக்க வேண்டிய ரத்தக்கசிவு பத்தாயிரத்தில் சுமார் 15 பேருக்கு. பூஜ்யம் இல்லை, ஆனால் நீங்கள் இரவில் விழித்துக் கற்பனை செய்யும் அளவும் இல்லை.

சர்க்கரை மாத்திரையும் பேதி மருந்தும்

நீங்கள் எழுதிய மாத்திரைப் பட்டியலில் டாபாகிளிஃப்ளோசின் இருக்கிறது. பட்டினியோடு அது சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு, அதனால் 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். கிளிமிபிரைடு, குடலைச் சுத்தம் செய்யப் பேதி மருந்து குடிக்கும் நாளில் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். எதை எப்போது நிறுத்துவது என்று சர்க்கரை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், குடல் முழுக்கக் கறுப்பாகப் பூசிவிடும். காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள்.

முந்தைய இரண்டு மூன்று நாள் கீரை, கொய்யா, தக்காளி விதை, கடலை, முழுத் தானியம் வேண்டாம், வெள்ளைச் சோறு, இட்லி போதும். முதல் நாள் தெளிந்த திரவம் மட்டும்: இளநீர், வடிகட்டிய ரசம், பால் சேர்க்காத டீ. மோர் கிடையாது. சிவப்புக் கலரில் எதுவும் வேண்டாம், உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும். பேதி மருந்துப் பொடியை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாதியை முதல் நாள் மாலையும் மீதியைப் பரிசோதனையன்று விடியற்காலையும் குடிப்பதுதான் நல்லது, மொத்தத்தையும் ராத்திரியே குடித்தால் காலையில் மறுபடி அழுக்குச் சேர்ந்துவிடும். மயக்கத்துக்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னால் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். உப்புக் கரிக்கும், ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரக் குடித்தால் இறங்கும். கடைசியில் சிறுநீர் மாதிரித் தெளிந்த மஞ்சளாகப் போனால் போதும், கலங்கலாகப் போனால் மருத்துவமனைக்குப் போனதும் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு ஏறிப் படுத்தால் பார்த்தும் பார்க்காததும் ஒன்றுதான்.

கேட்க உங்களுக்கு உரிமை உள்ளவை

பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், கிடைக்காத ஊரில் பெண் நர்ஸ் உடன் இருக்க வேண்டும் என்று நிச்சயம் கேட்கலாம். பின்பக்கம் மட்டும் திறந்த கால்சட்டை கொடுப்பார்கள், மேலே போர்வை இருக்கும், நீங்கள் நினைக்கிற அளவு சங்கடமில்லை. எந்த மயக்கம், யார் கொடுப்பார்கள், செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். சம்மதப் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கும் கொடுத்ததாக ஆகாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் 'பாலிப் இருந்தால் எடுக்கவும் சம்மதம்' என்பது படிவத்தில் தனியாக இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதற்காக இன்னொரு தடவை பேதி மருந்து குடிக்க நேரும். காப்பீட்டைப் பொறுத்தவரை, பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை, பாலிப் எடுத்தால் நிலைமை மாறலாம், இதையும் முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

அரை மயக்கமோ புரோபோஃபாலோ, அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும். அண்ணனையே துணைக்குக் கூட்டிப் போங்கள், மயக்கத்தோடு எப்படி நடக்கிறது என்று அவர் வெளியே உட்கார்ந்து பார்த்தால் அவருடைய நேரத்தையும் அங்கேயே வாங்கிவிடலாம். வீட்டுக்கு வந்த பிறகு வயிறு உப்பலாக இருப்பது சகஜம். ஆனால் விடாத வயிற்றுவலி, காய்ச்சல், கட்டிகட்டியாக ரத்தம் என்றால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், பாலிப் எடுத்திருந்தால் இரண்டு வாரம் வரைகூட ரத்தம் கசியலாம். பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் அதோடு நேரில் போய், அடுத்தது எப்போது என்பதை எழுதி வாங்குங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் அப்பாவின் கணக்குப்படி உங்களுக்கு 5 வருடம், அத்தையின் ரிப்போர்ட் கிடைத்த பிறகு அந்த எண் மாறலாம்.